ஓட்டை விழாத மூன்று டிக்கெட்

ஈப்போ
14.10.1983

மகன் அர்ச்சுனனுக்கு அப்பா சன்னாசி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், என் கோபமும் நல்ல திடமாக இருக்கிறது. லண்டன் குளிரில் நீயும் மருமகள் மங்களமும் பேத்தியும் சளி பிடிக்காமல் இருக்க முருகன் பார்த்துக்கொள்வான். இந்தக் கடிதம் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி செபாஸ்டியன் எழுதியதல்ல. எழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும், ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக, கோட்டை விட்டு ஏறியும் இறங்கியும் நிற்கிறது. அத்தனையும் என் கையால் எழுதியது. அறுபத்தெட்டு வயதில், எட்டு மாதத்தில் கற்றுக்கொண்டேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து வந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறாள், நான் ஏதோ திருடுகிற மாதிரி. இத்தனை வருஷமும் உன்னை ஏசச் சொல்லி நான் சொன்னதை எல்லாம் செபாஸ்டியன் பாதியாகக் குறைத்துத்தான் எழுதியிருப்பான். இதில் குறைக்க ஆளில்லை. ஆகவே உட்கார்ந்து படி.

மூன்று வருஷத்துக்கு முன் நடந்தது உனக்குத் தெரியாததல்ல, ஆனாலும் என் கையால் ஒரு தடவை எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு வருகிறோம், விமானம் காலை ஆறு மணிக்கு சுபாங்கில் இறங்கும் என்று எழுதியிருந்தாய். பண்டிகை நேரத்தில் இடம் கிடைக்காதே என்று ஒரு மாதம் முன்பே நானே ஈப்போ ஸ்டேஷனுக்குப் போய் வரிசையில் நின்று காலை எக்ஸ்பிரசுக்கு மூன்று டிக்கெட் பதிவு செய்தேன். அதை சுபாங்கில் சாமான் தூக்கும் வேலை செய்கிற என் தங்கை மகன் கார்த்திகேசுவிடம் கொடுத்து, உன் கையில் சேர்க்கச் சொன்னேன். அங்கிருந்து டாக்சியில் கோலாலம்பூர் ஸ்டேஷனுக்குப் போய் எட்டே முக்கால் ரயிலில் ஏறினால் மத்தியானம் ஈப்போ. இதைவிட எளிதாக ஒருவன் ஏற்பாடு செய்ய முடியுமா? கோப்பெங் பக்கத்தில் நாம் இருந்த ரப்பர் தோட்டத்து ஆட்கள் இருபத்து மூன்று பேரை லாரியில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டு வந்தேன். ஆளுக்கொரு பிளாட்பாரம் டிக்கெட், மாலை, ராமையாவின் உறுமி மேளம். வண்டி நின்ற பிறகுதான் அடிக்கலாம் என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். வண்டி நின்றது, ராமையா அடித்தான், பெட்டியிலிருந்து ஒரு சீன முதலாளி, பெரிய தவுக்கே, இறங்கி, மேளம் தனக்குத்தான் என்று நினைத்து எல்லோருக்கும் தலையாட்டிக் கும்பிட்டுவிட்டுப் போனார். நீ இறங்கவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு மங்களத்தின் அண்ணன் காரில் வாசலில் வந்து இறங்கினாய். டிக்கெட் எங்கேடா என்று கேட்டேன், ரயில்ல கூட்டம்பா, கார்ல வந்துட்டோம் என்றாய். மங்களம் குறுக்கே வந்து, நான்தான் மாமா கார்ல போலாம்னு சொன்னேன், ரயில்ல எனக்குத் தலை சுத்தும் என்றாள். நான் உன் சட்டைப் பையில் கைவிட்டு டிக்கெட்டைப் பிடுங்கினேன். மூன்றும் ஸ்டேஷன் கேட்டில் போடுகிற ஓட்டை விழாமல் புதிதாக இருந்தன. பிடுங்கும்போது உன் கை ஒரு நொடி மேலே வந்தது, பிறகு இறங்கிவிட்டது. பெற்ற அப்பனை அடிக்கக் கை ஓங்கினான் என்று ஊரெல்லாம் சொன்னேன். தைப்பிங்காரிக்கு ரயில் பெட்டி நாறுகிறதாம் என்று மங்களத்தையும் சேர்த்துச் சொன்னேன். ஒரு மாத லீவில் வந்தவன் பதினாலாம் நாள் புறப்பட்டுப் போனாய், நான் வாசலுக்கு வரவில்லை.

அந்த மூன்று டிக்கெட்டையும் முருகன் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்து, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினேன். பாருங்கள், என் மகன் எனக்குச் செய்த மரியாதை, ஒரு ஓட்டைகூட விழவில்லை என்பேன். பார்ப்பார்கள், உச்சுக் கொட்டுவார்கள், திருப்பிக் கொடுப்பார்கள். கோயில் தலைவர் இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, காலம் கெட்டுப்போச்சுண்ணே என்று சொல்லி இன்னொரு வாய் காபி குடித்தார்.

இப்போது கேள். சனிக்கிழமை காலையில் பாலர் பள்ளியில் டோரிஸ் டீச்சர் எங்களைப் போன்ற கைநாட்டுகளுக்குப் பாடம் எடுக்கிறார். தமிழ் ஓரளவு வந்த பிறகு, பஸ்ஸில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டாமா என்று மலாய்க்காரர் எழுதும் ரூமி எழுத்தையும் சொல்லிக் கொடுத்தார். போன மாதம் ஒரு நாள், வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு பொருள் கொண்டு வந்து அதில் இருப்பதை எழுந்து நின்று படிக்க வேண்டும் என்றார். துணி வெளுக்கிற காளியம்மா சவர்க்கார டப்பா கொண்டு வந்தாள், இன்னொருவர் மருந்து பாட்டில். நான் உன் டிக்கெட்டைக் கொண்டு போனேன். அத்தனை பேர் முன்னாலும் உன் மானத்தை எழுத்துக் கூட்டி வாங்க வேண்டும் என்று ஆசை. எழுந்து நின்று சத்தமாகப் படித்தேன். முதலில் ஈப்போ. அதற்குப் பிறகு கோலாலம்பூர். படித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம், பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். டீச்சர் மெதுவாக, அண்ணே, முன்னால இருக்கிறது புறப்படுற ஊரு, பின்னால இருக்கிறது போய்ச் சேர்ற ஊரு என்றார். நான் மறுபடி படித்தேன். மூன்றையும் படித்தேன். திருப்பிப் பிடித்தும் பார்த்தேன். காளியம்மா சும்மா இருப்பாளா, அப்ப உங்க மகன் எப்படிண்ணே அதில ஏறுவாரு, ரயிலைப் பின்னால தள்ளிக்கிட்டா வருவாரு என்று கேட்டுச் சிரித்தாள். நான் உட்கார்ந்துவிட்டேன். ஈப்போ கவுண்டரில் நின்று, ஈப்போ, கோலாலம்பூர், மூணு பேர் என்று சொன்னது நான்தான். அந்தப் பையன் கேட்டதைக் கொடுத்தான்.

அங்கிருந்து நேராகச் செபாஸ்டியன் வீட்டுக்குப் போனேன். உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். முதல் நாள் காட்டினப்பவே பார்த்துட்டேண்ணே, நீங்க அருவா தூக்காத குறையா நின்னீங்க, அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன், அப்புறம் ரொம்ப நாளாயிடுச்சு லா என்கிறான். படிக்கத் தெரிந்த ஒவ்வொருவனுக்கும் தெரிந்திருக்கிறது. என் வெட்கத்தை நானே தட்டில் வைத்து, காபியோடு மூன்று வருஷம் விருந்து வைத்திருக்கிறேன். தெரியாதவர்கள் நானும் உன் அம்மாவும் மட்டும்தான். கார்த்திகேசுவைக் கூப்பிட்டு விசாரித்தேன். அன்று உங்களோடு ஸ்டேஷன் வரைக்கும் வந்தானாமே. கேட்டில் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு உள்ளே விடவில்லை, வேறு டிக்கெட் கேட்டால் வண்டி நிறைந்துவிட்டது, பேத்தி பெட்டி மேல் உட்கார்ந்து அழுதது, மங்களம் போன் போட்டு அண்ணனை வரவழைத்தாள். மச்சான் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு மாமா, அக்காதான் பழிய நான் ஏத்துக்கிறேன்னு சொன்னாங்க என்கிறான்.

யார் உன்னைக் கேட்டது? நீ என்னைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. வாசலிலேயே, அப்பா நீங்கள் எடுத்த டிக்கெட் தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு நாள் வெட்கம். கத்தியிருப்பேன், சோறு வேண்டாம் என்றிருப்பேன், தீபாவளி அன்றைக்கு உன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருப்பேன். நீ வாயை மூடிக்கொண்டதால் மூன்று தீபாவளி போயிற்று. பேத்திக்கு என் முகம் மறந்திருக்கும். நான் பால் குடிக்கிற பிள்ளையா, தப்பைச் சொன்னால் உடைந்து போக? ரப்பர் மரத்துக்கு நடுவில் முப்பத்தைந்து வருஷம் வேலை வாங்கும் மண்டோரிடம் ஏச்சு வாங்கி நின்றவன், மகன் சொல்கிற ஒரு சொல்லைத் தாங்க மாட்டேனா? உன் கை மேலே வந்தது எதற்கு என்று இப்போதுதான் தெரிகிறது. பிடுங்கவிடாமல் மறைக்க வந்திருக்கிறாய். மறைத்திருக்க வேண்டியதுதானே, அதிலும் பாதியில் நிறுத்திவிட்டாய். உன் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னால், படிக்காதப்ப ஊரை ஏசின, படிச்சப்புறம் நல்லது செஞ்சவன ஏசுற, எப்பத்தான் நிறுத்துவ என்கிறாள். அவளுக்கும் எழுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறேன், அப்போது தெரியும்.

உன் போன கடிதத்தை நானே படித்தேன், ஒன்றரை நாள் ஆயிற்று. மங்களத்தின் தங்கை கல்யாணத்துக்கு நவம்பர் 26 சனிக்கிழமை காலை வந்து இறங்குகிறீர்கள், எனக்குச் சம்மதம் என்றால் ஈப்போவில் இறங்குவீர்கள், இல்லையென்றால் நேராகத் தைப்பிங் போய்விடுவீர்கள். சம்மதமா என்று அப்பனிடம் கேட்கிற அளவுக்குப் பெரிய மனுஷன் ஆகிவிட்டாயா? நேற்று ஸ்டேஷனுக்குப் போனேன். கோலாலம்பூரிலிருந்து ஈப்போ என்று மூன்று தடவை சொன்னேன். கவுண்டரில் இருந்த மலாய்த் தம்பி மாமா முறை வைத்து, புரியுது பாக்சிக், ஒரு தடவை சொன்னா போதும் லா என்றான். டிக்கெட் கைக்கு வந்ததும் நகராமல் அங்கேயே நின்று ஒவ்வொன்றாகப் படித்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள், கத்தட்டும். கோலாலம்பூர் முன்னால், ஈப்போ பின்னால். தேதி, நேரம், பெட்டி எண் எல்லாம் சரி. நான்கு டிக்கெட். மூன்றை இத்துடன் வைத்திருக்கிறேன், கேட்டுக்குப் போய்ப் பார்க்காதே, இப்போதே படித்துப் பார். தப்பு இருந்தால் உடனே எழுது, ஒளிக்காதே. நான்காவது எனக்கு. முதல் நாளே போய்க் கார்த்திகேசு வீட்டில் தங்கி, ஆறு மணிக்கு சுபாங்கில் நீங்கள் வெளியே வருகிற கதவுக்கு எதிரில் நிற்பேன். பெட்டி வரும்வரை பொறுமையாக நில், யாருடைய காரையும் கூப்பிடாதே. போர்டைப் படித்து டாக்சிக்கும், டாக்சியிலிருந்து ரயிலுக்கும் நானே கூட்டிப் போகிறேன். உன் விமானம் தாமதமாகி வண்டி போய்விட்டால் அந்தக் குற்றத்தை என் தலையில் கட்டாதே, மத்தியானம் இன்னொரு வண்டி இருக்கிறது என்று விசாரித்து வைத்திருக்கிறேன். மேளம் வேண்டாம் என்று ராமையாவிடம் சொன்னேன், அவன் கேட்பதாக இல்லை.

பழைய டிக்கெட்டை நான் கிழிக்கவில்லை. இன்னும் முருகன் படத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது, வருகிறவர்களுக்கு இப்போதும் எடுத்துக் காட்டுகிறேன், இப்போது நானே படித்தும் காட்டுகிறேன். எல்லோரும் சிரிக்கிறார்கள். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் இருக்க வேண்டும், பேத்தி என்னைவிட நன்றாகப் படிக்க வேண்டும். நினைவிருக்கட்டும், 26ஆம் தேதி, எட்டே முக்கால். கடைசியாக ஒன்று. நாலு இடத்தில் ஜன்னல் ஓரம் ஒன்றுதான் கிடைத்தது. காற்று வந்தால் தலை சுற்றாது என்று அதை மங்களத்துக்குப் போட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தை அவளுக்கு நீ படித்துக் காட்ட வேண்டாம். கையில் கொடு, அவளே படிக்கட்டும்.

உன் அப்பா
மு. சன்னாசி