தவளை எங்கை?

நவ. 4, செவ்வாய். விடிந்ததிலிருந்து மழை.

இன்று குறிக்க வேண்டியவை:
1. பழைய கார்களுக்கு நானும் கூட்டாளி தர்முவும் வைத்த பட்டப்பெயர்கள்.
2. தர்மு கேட்பது காரை.
3. குகன் கராச் (கார் திருத்துமிடம்).

1. பின்பக்கம் கூராக ஒடுங்கினால் வள்ளம். கூரை பின்னுக்குச் சரிந்தால் சறுக்கீஸ். உருண்டு திரண்டது குளிப்புத்தொட்டி. பொனற்றின் மேல் இரண்டு விளக்கும் பிதுங்கிய, கூரையில்லாத சின்னக் கார் தவளை. வெளிநாட்டுக் கார்ப் பிரியர்களும் அதைத் தவளை என்றே சொல்வதாக ஒருமுறை புத்தகத்தில் காட்டினேன். தர்மு விடவில்லை. "என்னட்டைக் களவெடுத்திருப்பாங்கள், மாஸ்ரர்."

2. ஆசுபத்திரியிலிருந்து மங்கை (தர்முவின் மனைவி) போன். தர்முவுக்கு மூச்சு மோசம். மழை இரைச்சல், பாதிதான் கேட்டது.
"மாஸ்ரர், இவர் தவளை எங்கை, தவளை எங்கை எண்டபடி. விளங்குதுதானே?"
"விளங்குது தங்கச்சி. கொண்டு வாறன்."

3. தர்முவின் தவளை குகன் கராச்சில், தறப்பாளுக்குக் கீழ். பற்றரி செத்துவிட்டது. ரயர் இரண்டு காற்றில்லை.
"தர்மண்ணை இதிலை ஏறி ஓடப் போறாரே?"
"இல்லையடா. யன்னலாலை பார்க்க."
"இதை எழுப்பிறதிலும் பாக்க அவரை எழுப்பலாம், மாஸ்ரர்."
சிரித்தேன். பிறகு சிரித்தது சரியா என்று யோசனை.

நவ. 5, புதன். தூறல். எனக்கு இருமல்.

புதுப் பற்றரி. பெற்றோல் குழாயில் அடைப்பு. குகன் வாயால் ஊதிப் பார்த்தான், இரண்டு தரம் துப்பினான். பின்னேரம் வரை அசையவில்லை.

மங்கைக்குப் போன் எடுக்க நினைத்தேன். தொந்தரவாக இருக்கும் என்று விட்டேன். ஆசுபத்திரி கராச்சுக்குப் பக்கத்துத் தெருதான். வெறுங்கையோடு போய் தர்முவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

மத்தியானம் சாப்பிடவில்லை. பால் வாங்க மறந்தேன்.

நவ. 6, வியாழன். வெயில்.

பத்து மணிபோல் ஸ்ராட் எடுத்தது. குகன் ஓட்டினான், எனக்குப் பயம். தெருவில் சனம் நின்று பார்த்தது. வெட்கமும் சந்தோஷமும். ஆசுபத்திரியில் தர்முவின் யன்னலுக்கு நேரே நிறுத்தி ஹோர்ன் அடிக்கச் சொன்னேன்.

மங்கை வந்தாள். அழுது முடிந்த முகம். விடியப்புறமே போய்விட்டார்.

"வாறன் எண்டு சொன்னியள், மாஸ்ரர். வாசலையே பாத்துக்கொண்டு கிடந்தவர்."
"காரைக் கொண்டு வாறன் எண்டெல்லோ..."
"கார் ஆருக்கு வேணும்? உங்களைத்தான் அவர் வீட்டிலை தவளை எண்டுறவர். உந்தச் சோடாப்போத்தில் கண்ணாடிக்கு. உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியாது.

நவ. 4, இலக்கம் 2 பிழை.