சர்க்கரை ஏறும் நேரம்

ஜூன் 9, திங்கள்
ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் ஆட்களை ஏற்றிக்கொண்டு இரண்டு நடை. மலை ஏறும்போது மறுபடி நெஞ்சுப் படபடப்பு. கம்பம்மெட்டு தாண்டியதும் அடங்கியது. வீட்டில் சொல்லவில்லை.

ஜூன் 12, வியாழன்
மதியமே திரும்பிவிட்டேன். வீட்டில் மடியில் ஃபைலோடு தெரியாத ஒரு பெண். என்னைக் கண்டதும் என் மனைவி அம்சத் பேச்சை நிறுத்தினாள்.
“யாரு?”
“தேனி ஆஸ்பத்திரியில இருந்து வந்திருக்காக. ஜெபஷீலான்னு பேரு. என் சர்க்கரையப் பத்திக் கேக்குறாக.”
ஆறு வருடமாக இருக்கிற சர்க்கரை. அதற்கு மாத்திரை தருவார்கள். வீடு தேடி வந்து மணிக்கணக்கில் பேச என்ன இருக்கிறது? கிளம்பும்போது அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

ஜூன் 13
நேற்று அந்தப் பெண் அம்சத்திடம் கொடுத்த ஃபைலில் என் பெயர் இருந்தது. முகைதீன் என்று. கண்ணால் பார்த்தேன்.

ஜூன் 19, வியாழன்
இன்றைக்கும் அந்தப் பெண் வந்துபோயிருக்கிறாள். ஸ்டாண்டில் ரபீக்கிடம் பேச்சுக்கொடுத்தேன். அவனும் என்னைப்போல் ஜீப் ஓட்டுகிறவன்.
“மனசு சரியில்லாதவுகளைக் கணக்கெடுக்குறாகண்ணே. கவலைக்கும் உடம்புக்கும் என்ன தொடர்புன்னு ஆராய்ச்சியாம்.”
புரிந்துவிட்டது. நவம்பரில் ஜீப் சரிந்து ஒரு பெண்ணுக்குக் கை முறிந்தது. அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அது அம்சத் ஒருத்திக்குத்தான் தெரியும். என்னைப் பற்றி எழுதிக் கொடுக்கிறாள். ஆகஸ்டில் லைசென்ஸ் புதுப்பிக்கணும். மனநோய் என்று தாளில் ஏறிவிட்டால் எவன் என்னை நம்பி ஜீப்பைக் கொடுப்பான்?

ஜூன் 21
காலையில் கிளம்பியவன் தண்ணீர்ப் பாட்டிலை மறந்து திரும்பினேன். அடுப்படியில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். “ஆமாம்மா, அவுக கிளம்பிட்டாக. இன்னைக்கு ரொம்ப அதிகமா இருக்கு.”
என்ன அதிகம்? என் கோபமா?
கேட்காமலே போய்விட்டேன்.

ஜூன் 22
அவள் குளிக்கப் போன நேரம் பீரோவைத் துழாவினேன். ஃபைல் இல்லை. ஏண்டா, கட்டின பொண்டாட்டியவே வேவு பாக்குற அளவுக்கு வந்துட்டியா நீ?

ஜூன் 26, வியாழன்
ஜெபஷீலா இன்று என்னையும் உட்காரவைத்தாள். தூக்கம் வருதாண்ணே, பயம் இருக்கா, எதுலயும் மனசு ஒட்டாம இருக்கா என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.
அவள் போனதும் கத்திவிட்டேன். “என்னையப் பைத்தியம்னு எழுதிக் குடுத்துட்டியா? சாவியப் புடுங்கிட்டா சோத்துக்கு என்னடி செய்வ?”
அம்சத் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து ஃபைலை எடுத்து நீட்டினாள். “வாசிங்க.”
மேலே அவள் பெயர். அம்சத் பீவி, வயது 47. கீழே கட்டம் கட்டமாக அவள் கையெழுத்து, பக்கத்திலேயே சர்க்கரை அளவு.
காலை: ஜீப் கிளம்பிருச்சு. பயமா இருக்கு. 268.
மதியம்: அவுக போன் எடுக்கல. நெஞ்சை அடைக்குது. 301.
சாயங்காலம்: வந்துட்டாக. 174.
இரண்டு வாரம், விடாமல். யாரை நினைத்துக் கவலை என்ற இடத்தில் என் பெயர்.
“நவம்பர்ல இருந்தே இப்படித்தான். சொன்னா நீங்க பயந்துக்கிட்டே வண்டி ஓட்டுவீகன்னு சொல்லல.”
அவள் விரல் நுனியெல்லாம் ஊசி குத்தின புள்ளி.

ஜூன் 27
ஜீப் எடுக்கவில்லை.

ஜூலை 3, வியாழன்
இருவரும் தேனி ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஜெபஷீலாவிடம் கேட்டேன்.
“கவலையாலதான் இவளுக்குச் சர்க்கரை ஏறுதா?”
“அதைத்தாண்ணே பாத்துக்கிட்டு இருக்கோம். சாப்பாடு, மாத்திரை, தூக்கம் எல்லாமே காரணமா இருக்கலாம். ஆனா பயத்தை விட்டுட்டுச் சர்க்கரைய மட்டும் பாத்தாப் பத்தாது.”
“இந்தத் தாள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகுமா?”
“போகாதுண்ணே.”
பாதிதான் நம்பினேன். ஆனாலும் சொல்லிவிட்டேன்: “அன்னைக்கு நான் சொன்னது ஒண்ணுகூட உண்மையில்ல. மறுபடி கேளுங்க.”
எனக்கு இ.சி.ஜி. எடுத்தார்கள். இதயத்தில் கோளாறு இல்லையாம். ஆனாலும் மனநல டாக்டரைப் பார்த்துப் பேசும்வரை மலையில் ஓட்ட வேண்டாம் என்றார்கள்.

ஜூலை 10
சின்னமனூருக்கு வாழைத்தார் ஏற்றினேன். சமதளம்தான். அம்சத்துக்குக் காலையில் 190.

ஜூலை 17, வியாழன்
டாக்டர் முதலில் என்னைக் கூப்பிட்டார். அம்சத்தும் எழுந்தாள். “நானும் உள்ள வரட்டா?”
உள்ளே நான் சொல்லப்போவதெல்லாம் இவளுக்கும் தெரிந்துவிடுமே என்று ஒரு கணம் நின்றேன்.
“வா” என்றேன்.