உனக்கும் தெரியாத ஒருவர்

இன்று காலை வகுப்பில் கரும்பலகையில் அந்த வளைகோட்டை வரைந்தேன். இடப்பக்கம் செங்குத்தாக உயர்ந்து, சட்டென்று சரிந்து, பிறகு தரையோடு தரையாக நீண்டுகொண்டே போகுமே, அதேதான். ஒரு செய்தியைச் சிலர் மட்டும் ஊர் முழுக்கக் கொண்டுபோகிறார்கள், மிகப் பலர் ஒருவரிடமோ இருவரிடமோ சொல்வதோடு சரி என்று விளக்கிக்கொண்டிருந்தேன். உன் நினைவு வந்துவிட்டது.

முதலில் இதை உனக்குத்தான் வரைந்து காட்டினேன், ஆம்பூர் பஸ் நிலையத்தில், காலி ஷூப் பெட்டி ஒன்றின் மேல். ஷூ கம்பெனியில் நீ சூப்பர்வைசர். தையல் லைன் பெண்களில் தொடங்கி வேலூர் லாங் பஜார் கடைக்காரர்கள் வரை உன்னைத் தெரியாதவர் கிடையாது.

"அந்த ஒசரமான எடம் நான்தானே?" என்று சிரித்தாய். "நீ இன்னாடி, கடைசியிலயா?"

கடைசியில்தான். வகுப்புக்கு வெளியே எனக்கு வாய் திறக்கவே கூச்சம்.

கொஞ்ச நாளிலேயே என் கணவரை லாரி இடித்துவிட்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் ஓ நெகட்டிவ் ரத்தம் உடனே வேண்டும் என்றார்கள். தெரிந்தவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினேன். பதிலுக்குப் போனில் கைகூப்பும் பொம்மைகள்தான் வந்தன. நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாய். வராந்தாவில் நின்று, "பாய், உங்க தோஸ்துங்ககிட்டயும் சொல்லுங்க, அவசரம்" என்று போனில் ஒவ்வொருவராக அழைத்தாய். தொண்டை கட்டிக்கொள்ளும் வரை விடவில்லை.

மதியத்துக்கு மேல் ரத்தம் கொடுக்க ஒருவர் வந்தார். ஒடுகத்தூர் பக்கம் வேர்க்கடலை போடுகிறவர். உனக்கும் அவரைத் தெரியவில்லை.

"யாருண்ணா சொன்னாங்க?" என்றாய்.

"எம் மச்சான். தோல் பதனிடுற ஷாப்புல வேலை. ஜாஸ்தி பேசவே மாட்டான். எனக்கு மட்டும்தான் போன் பண்ணானாம்."

அந்த மச்சானையும் உனக்குத் தெரியாது. அவர் உள்ளே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாய். "பாத்தியாடி, நான் ஊருக்கே சொன்னேன். அவரு மச்சான் சும்மா இருந்திருந்தா இன்னா ஆயிருக்கும்?"

என் கணவர் பிழைத்தார். நன்றி என்று ஆரம்பித்தாலே முறைப்பாய். அதனால் நீ இருந்தவரை சொல்லவே இல்லை. போன வருஷம் காய்ச்சல் என்று படுத்தவள் எழவே இல்லை. உன் தெருவில் நிற்க இடமில்லாமல் கூட்டம். இனி யாருக்காவது ஒன்றென்றால் யார் போன் போடுவார்கள் என்றுதான் அன்று அழுதேன்.

உன்னைப்போல என்னால் முடியாது. ஆனால் ஒருவரிடம் சொல்ல முடியும். போன வாரம், பக்கத்து வீட்டுப் பெண் வேலை தேடுவதைப் பஸ்ஸில் அருகில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம் சொன்னேன். பெயர்கூடத் தெரியாது. கூச்சமாகத்தான் இருந்தது. சொன்னேன்.