போன் போடாதீங்க

மார்ச் 4
காலையில் ஏஜென்ட் தம்பி வந்திருந்தார். டீ கொடுத்தும் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் வீட்டுக்காரர் ஓட்டும் டாக்சிக்கு ஜூனோடு இன்சூரன்ஸ் முடிகிறது. புதுப்பிக்கக் கம்பெனி தயங்குகிறதாம். இந்த மாடல் மின்சாரக் கார்கள் நடுரோட்டில் திடீரென்று நின்றுவிடுகின்றன என்று எங்கும் புகார்.

"அக்கா, நீங்க உதவிக்குப் போன் போட்டு வண்டிய இழுத்துட்டுப் போகச் சொல்ற ஒவ்வொரு தடவையும் கம்பெனியில பதிவாகும். இனிமே ஒண்ணும் வராம பாத்துக்குங்க, நான் பேசிப் பாக்கறேன்."

இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் டாக்சியை ரோட்டில் இறக்க முடியாது. பெட்ரோலே வேண்டாம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு வாங்கிய புது வண்டி.

மார்ச் 5
யோசனை என்னுடையது. "நின்னா நிக்கட்டும். போன் போடாதீங்க. தள்ளி ஓரமா விடுங்க. கொஞ்ச நேரத்துல தானா கிளம்பிடுதுல்ல?"

"மகாராணி உத்தரவு" என்றார். வீட்டில் மூளை உனக்குத்தான் என்று மெச்சல் வேறு.

மார்ச் 19
சிக்னலில் நின்றதாம். ஏறியிருந்த ஆளும் இறங்கித் தள்ளினாராம். சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

ஏப்ரல் 11
மறுபடியும். இடுப்புப் பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துவிட்டேன். இந்த யோசனையை விட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"இவ்ளோ தூரம் வந்துட்டு விடறதா?"

மே 2
மேம்பாலத்தில்.

மே 6
கை ஓடவில்லை. வண்டி பாலத்தின் உச்சியில் நின்றிருக்கிறது. ஜன்னல் வழியாக ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தள்ளியிருக்கிறார். நல்ல மழை. லாரிக்காரருக்குத் தெரியவில்லை — எப்படித் தெரியும்? லாரி இடித்தது இவரைத்தான்; வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை. ஒரு போன் போட்டுவிட்டு ஓரமாக நின்றிருந்தால்? ஐயோ, நான் எதுக்கு வாயத் திறந்தேன்? யாரு கேட்டா என் யோசனைய?

மே 9
வலது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

ஜூன் 9
ஏஜென்ட் தம்பி போன் செய்தார். நடந்தது எதுவும் தெரியாது அவருக்கு. அவ்வளவு உற்சாகம்.

"ஒத்துக்கிட்டாங்கக்கா! இந்த மாடல்ல மூணு மாசமா ஒரு புகார்கூட வராத வண்டியான்னு மேனேஜரே ஆச்சரியப்பட்டார்."

ஆஸ்பத்திரிக்குப் போய் இவரிடம் சொன்னேன். இத்தனை நாளில் முதல் தடவையாக முகம் மலர்ந்தது. "பாத்தியா, உன் யோசனை பலிச்சிடுச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.