கார் விளக்கைச் சரிசெய்துவிட்டேன், அம்மா

திருப்பூரில் இருக்கும் அம்மாவுக்கு, தூத்துக்குடியிலிருந்து உமாராணி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

நான் இருட்டில் கார் ஓட்டுவேனே என்று பயந்து, குலசைக் கோயில் தசராவுக்கு வரத் தயங்குகிறீர்களாம். தங்கச்சி சொன்னாள். பயம் நியாயம்தான். போன வாரம் ராத்திரி துறைமுக வேலை முடிந்து திரும்பும்போது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவரைக் கிட்டத்தில் வந்த பிறகுதான் பார்த்தேன். பிரேக் பிடித்துவிட்டேன், யாருக்கும் ஒன்றுமில்லை. "ஏளா, லைட்டைப் போட்டுட்டு வரக்கூடாதா?" என்று சத்தம் போட்டார். போட்டுக்கொண்டுதான் வந்தேன்!

மறுநாளே மெக்கானிக் நல்லக்கண்ணு அண்ணாச்சியிடம் போனேன். "வெள்ளை எல்.இ.டி. போட்டுருவோம்மா, பகல் மாதிரி தெரியும்" என்றார்.

"எதிரே வாரவங்களுக்குக் கண்ணு கூசாதா அண்ணாச்சி?"

"கூசத்தான் செய்யும்" என்று சிரித்தார்.

அது வேண்டாம் என்றேன். உப்புக்காற்றில் மஞ்சளேறிய விளக்குக் கண்ணாடிக்குப் பாலிஷ் போட்டு, விளக்குக்கு முழு மின்சாரம் வர பேட்டரியிலிருந்து ரிலே வைத்துத் தனி வயர் இழுத்து, பழைய அளவிலேயே புது பல்பு மாட்டினோம். நேற்று ராத்திரி திருச்செந்தூர் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். தூரத்தில் படுத்திருந்த ஆடுகூடத் தெரிந்தது.

தைரியமாக வாருங்கள். பருப்புப்பொடி கொண்டு வாருங்கள், கடைப்பொடி பிடிக்கவில்லை. காரில் பின்னால் உட்கார வேண்டாம், என் பக்கத்திலேயே உட்காருங்கள். அந்த சீட்டில் இத்தனை நாளும் என் சாப்பாட்டுப் பைதான் வருகிறது.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்
உமாராணி