எனக்குச் சொல்லாத ஓம்

மகளின் அப்பாவுக்கு,

கத்தாரில் வெயில் குறைந்துவிட்டதா? இங்கே நாங்கள் சுகம். மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்திருக்கிறார்கள்.

நேற்று உங்கள் தம்பி வந்தார். "வீட்ட எனக்கு எழுதித் தாறன் எண்டு அண்ணன் போன்ல சொல்லிட்டார் மச்சாள்" என்றார். வாகரைச் சண்டையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து முகாமில் கிடக்கிற மனுசன், பாவம்தான். தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு அடுப்படியிலேயே நின்றேன்.

நீங்கள் யார் முகத்தையும் முறிக்கமாட்டீர்கள். அந்தக் குணத்தைப் பார்த்துத்தான் அம்மா உங்களை மருமகனாக்கினா. சுனாமி கொண்டுபோன வீடு அம்மா எனக்குத் தந்த சீதனம். அதற்குப் பதிலாக வீடு கட்டித் தந்தவர்கள், "குடும்பத் தலைவர் பேரில எழுதுவமா?" என்று கேட்டபோது, நான் பக்கத்தில் நிற்க, "ஓம் ஐயா" என்றீர்கள். வந்தவர்கள் மனம் நோகக்கூடாதாம்.

சீதனமாக இந்த வீட்டைக் கொடுக்காவிட்டால் நம் மகளை நம்மூரில் யார் கட்டுவார்கள்?

தம்பி குடும்பம் வந்து எங்களோடு இருக்கட்டும். நான் சமைத்துப் போடுகிறேன். ஆனால் சொன்னபடி அடுத்த மாதம் அவர் வீட்டு உறுதிப் பத்திரத்தைக் கேட்டு வரும்போது, தரமாட்டேன் என்று சொல்லப்போகிறேன். உடனே உங்களுக்குத்தான் போன் எடுப்பார்.

அப்போது என் பக்கம் நில்லுங்கள். எல்லோருக்கும் ஓம் சொல்லிவிட்டீர்கள். நான் மட்டும்தான் மிச்சம்.

உங்கள் மகளின் தாய்