எழுநூறில் ஒட்டிய சிவப்பு டேப்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் அங்கே சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நீ கூப்பிட்டால் அப்பா என்ன செய்வார் என்று உனக்குத் தெரியாதா, போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்து, எதிரில் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார், நீ இருமினால்கூட எனக்கு முன்னால் அவருக்குக் கேட்டுவிட வேண்டும். இது அவர் காதில் விழக்கூடாத விஷயம். அதனால் மொட்டை மாடியில் துணி காயும் இடத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் வாளியைத் திட்டிக்கொள்.

அக்கா மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, மாமா வருவதற்குள் முளைத்துவிடுமா என்று என்னைக் கேட்கிறாள், மாமா வரும் லட்சணத்துக்கு ஞானப்பல்லே முளைத்துவிடும் என்று சொல்லியிருக்கிறேன். தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர் செய்கிறது. எதிர்வீட்டுத் தையல்காரம்மா புது மெஷின் வாங்கியதிலிருந்து தெருவில் யாருக்கும் மத்தியானத் தூக்கம் இல்லை. சரி, இதெல்லாம் எழுதி நான் தள்ளிப்போடுகிறேன் என்று உனக்கே தெரிந்திருக்கும். போன வியாழக்கிழமை நம் லோடு வண்டியின் எஞ்சினைப் பிரித்துவிட்டார்கள், நான் பட்டறையில் நின்று கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன்.

வண்டி மேட்டில் நின்றுவிட்டது என்று மட்டும்தான் உன்னிடம் சொன்னோம், எப்படி நின்றது என்று சொல்லவில்லை. முப்பது மூட்டை சிமெண்ட் ஏற்றிக்கொண்டு மேலே கட்டுகிற விடுதிக்குப் போய்க்கொண்டிருந்தோம். நான் ஓட்ட, அப்பா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, எஞ்சின் புகையின் சூட்டைக் காட்ட நீ மாட்டிய மீட்டரின் முள்ளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் சொல்லும் அழகு உனக்குத் தெரியும், ரயில் நிலையத்தில் அறிவிக்கிற மாதிரி, 'அறுநூறு… அறுநூத்தி இருபது… ஜுரம் ஏறுது, காலைத் தளர்த்து' என்பார், நான் காலைத் தளர்த்துவேன், கியரைக் குறைப்பேன். அன்றைக்கும் மூன்றாவது வளைவில் 'அறுநூத்தி எண்பது, இன்னும் இடம் இருக்கு, போ' என்றார். போனேன். எழுநூறில் நீ ஒட்டிய சிவப்பு டேப்புக்குக் கீழேதான் முள் இருந்தது. அடுத்த நிமிஷம் பின்னால் ஒரே கரும்புகை, டப்பாவில் நட்டுகளைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம், எஞ்சின் நின்றுவிட்டது. எஞ்சின் நின்றால் பிரேக் கல்லாகிவிடும் என்பது உனக்குத் தெரியாததா, இரண்டு காலையும் வைத்து நின்றேன் பெடல் மேல், அப்படியும் வண்டி ஊர்ந்து ஊர்ந்து பின்னால் போனது. ஒரு கண்ணில் பாதிப் பார்வையோடு உன் அப்பா கதவைத் திறந்து இறங்கி, பள்ளத்துப் பக்கம் தடவித் தடவிப் போய்ச் சக்கரத்துக்கு அடியில் கல் வைத்தார். கல் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான் போய்த் தூக்கினால், 'நான் சரியாத்தானே சொன்னேன்? சரியாத்தானே சொன்னேன்?' என்று இரண்டு தரம் கேட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் நீ கூப்பிட்டாய். அப்பா உன்னிடம் சொன்னது எனக்கு ஒரு எழுத்து மறக்கவில்லை. 'தம்பி, நான்தான்டா தப்பாப் படிச்சுட்டேன் போல, முள்ளு எழுநூறைத் தாண்டியிருக்கும், என் கண்ணுக்குத் தெரியாமப் போயிடுச்சு' என்றார். லைன் போய்விட்டதோ என்று நான் போனைத் தட்டிக்கூடப் பார்த்தேன். அப்புறம் நீ சொன்னாய், 'பரவால்லப்பா, விடுங்க, வயசானா அப்படித்தான், இனிமே அம்மாவே பார்த்துக்கட்டும்' என்று. என் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேனடா நான், அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கடைசியில் என்னிடம், பட்டறையில் சைலன்சர் பைப் பக்கம் யாரும் கை வைக்க வேண்டாம், லீவில் வரும்போது நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாய். இன்னும் எதையும் கழற்றவில்லை என்று சொன்னதும் ஒரு பெருமூச்சு விட்டாய். வண்டி மேல் உனக்குள்ள அக்கறை என்று அதையும் உன் கணக்கில் நல்லதாகவே சேர்த்துவைத்தேன்.

பட்டறை அண்ணன் பிஸ்டனை என் கையில் கொடுத்தார். தலைப்பக்கம் ஒரு ஓரம் உருகி வழிந்து போயிருந்தது. 'என்னம்மா, எழுநூறுக்கு உள்ளேயே ஓட்டினேன்னு சொல்றீங்க, இது எண்ணூறைத் தாண்டின சூடு, அலுமினியம் எவ்வளவுதான் தாங்கும்' என்றார். அப்புறம் வேறு வேலையாக வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தவர், பைப்பைப் பார்த்துவிட்டு அங்கிருந்தபடியே, 'அடக் கடவுளே, கோட்டை மாத்தலையா அவன்' என்றார். எந்தக் கோடு என்றேன். வெளியே வந்து கை துடைத்துக்கொண்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உனக்குப் புதுசில்லை, ஆனாலும் ஒரு தரம் படி. சூடு பார்க்கும் சென்சார், புகை எஞ்சினை விட்டு வெளியே வரும் வாயிலேயே, புகை சுழற்றுகிற டர்போ விசிறிக்கு முன்னால் இருக்க வேண்டுமாம். டர்போவைத் தாண்டிப் பின்னால் வைத்தால் அதற்குள் சூடு இறங்கிவிடும், லோடு ஏற்றி மேடு ஏறும்போது நூற்றைம்பது டிகிரி குறைவாகத்தான் காட்டுமாம். நம் வண்டியில் அது பின்னால் இருக்கிறது. முன்னால் வைக்கிற இடத்தில் ஒரு துளைகூட இல்லை, நானே விரலால் தடவிப் பார்த்தேன்.

நீ லீவில் வந்து, கம்ப்யூட்டரில் ஏதோ ஏற்றி, டீசல் கூடப் போகிற மாதிரி செய்து, வண்டிக்கு யானை பலம் என்று சொன்ன வாரம்தான் இந்த மீட்டரையும் மாட்டினாய். துளை போடும் மெஷினை இரவல் கேட்டு நீ பட்டறை அண்ணனிடம் போயிருக்கிறாய். இரும்புத்தூள் டர்போவுக்குள் போகக் கூடாது, எல்லாவற்றையும் கழற்றித்தான் துளை போட வேண்டும், இரண்டு நாள் வேலை என்று அவர் சொன்னாராம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை விமானம், நேரம் இல்லை, பின்னாலேயே வைத்துவிடுகிறேன் என்றாயாம். அப்படியானால் கோட்டை ஐநூற்றைம்பதில் போடு, அதுக்கு மேலே போகவே கூடாதுன்னு அம்மாகிட்ட சொல்லிடு என்று அவர் சொல்ல, 'தெரியும்ணே, எனக்கா சொல்றீங்க' என்றாயாம். தெரியும். உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சிவப்பு டேப்பை எழுநூறில் ஒட்டினாய்.

மறந்துவிட்டாய் என்று நினைக்க நான் எவ்வளவோ முயன்றேன், நாலு நாள் முயன்றேன். முடியவில்லை. ஐநூற்றைம்பதில் டேப் ஒட்டியிருந்தால் இரண்டாவது வளைவிலேயே நான் காலை எடுத்திருப்பேன், பழைய மாதிரி வண்டி முக்கி முனகித்தான் ஏறியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு, மூன்றாவது கியரிலேயே மேட்டை ஏறச் சொல்லி, நீ முன்னால் நின்று செல்போனில் படம் பிடித்தாயே, அது நடந்திருக்காது. எல்லோரும் கைதட்டினோம். நானும்தான் குதித்தேன், இல்லை என்று சொல்லவில்லை, நாற்பத்தேழு வயதில் ஸ்டீயரிங் பிடித்தவள், லாரிக்காரர்களை முந்திக்கொண்டு போனால் யாருக்குத்தான் தலை கனக்காது. ஆனால் எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். எட்டு மாதம், வாரத்துக்கு ஐந்து நாள், பெற்ற இருவரும் பொய் முள்ளைப் பார்த்துக்கொண்டு அந்த மேட்டில் ஏறினோம். வேறு யாராவது இதைச் செய்திருந்தால் தெருவில் நின்று வாய்க்கு வந்ததைக் கேட்டிருப்பேன். நீ செய்ததற்குத் துரோகம் என்ற வார்த்தையை எழுதக் கை வரவில்லை, மூன்று தரம் அடித்துவிட்டு இப்போது எழுதிவிட்டேன், இதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

அதுகூடப் போகட்டுமடா. அவசரம், இளரத்தம், நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசை, என்ன எழவோ, அதை நான் விழுங்கிக்கொள்வேன். நீ அப்பாவை மன்னித்தாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. உன் தப்பை அவர் தலையில் போட்டுக்கொண்டு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறார், நீ பரவாயில்லை என்கிறாய். வயசானால் அப்படித்தான் என்கிறாய். பார்வை மங்கி லைசென்ஸ் போன பிறகு அந்த மனுஷன் ஒரு வருஷம் சன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகும் வண்டிகளைச் சத்தம் வைத்தே எந்த வண்டி என்று சொல்லிக்கொண்டிருந்தார், அதுவும் அலுத்துப்போய்க் கடைசியில் வாயே திறப்பதில்லை. நீ அந்த மீட்டரை மாட்டி, பெரிய பெரிய எண்ணாகப் பார்த்து வாங்கி வந்து, அப்பா இது உங்க வேலை என்று சொன்ன அன்றைக்கு எழுந்தவர்தான். அதற்கு உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன். மேலே போய்ச் சேர்ந்ததும் வண்டியை அணைக்க விடமாட்டார், ஜுரம் இறங்கட்டும் என்று மூன்று நிமிஷம் ஓடவிடச் சொல்வார், மேஸ்திரி கேலி செய்தாலும் கண்டுகொள்ள மாட்டார். ஒவ்வொரு நடைக்கும் அதிகபட்சம் எவ்வளவு ஏறியது என்று ஒரு நோட்டில் எழுதிவைப்பார். இப்போது அந்த நோட்டையும் பூதக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார், எந்தத் தேதியிலிருந்து தன் கண் தப்பாகப் படிக்க ஆரம்பித்தது என்று தேடுகிறாராம். கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன், போன வருஷம் இருந்த மாதிரியே இருக்கிறது, மீட்டர் எண் அளவுக்குப் பெரிய எண்ணெல்லாம் சரியாகப் படிக்கிறார் என்று அந்த அம்மா சொன்னார்கள். வெளியே வந்து, 'ஆறுதலுக்குச் சொல்றாங்க' என்றார் அப்பா. டீ டம்ளரை வைக்கும்போதுகூட மேசையைத் தடவிப் பார்த்து வைக்கிறார், முன்னால் அப்படிச் செய்ததில்லை.

நான் சொல்லிவிடலாம், ஒரு நிமிஷ வேலை. சொல்ல மாட்டேன். பட்டறை அண்ணனிடமும் வாயைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், அவரும் எனக்காகச் சரி என்றார், ஆனால் என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். நான் சொன்னால் உன்னைக் காப்பாற்ற அவர் நூறு காரணம் கண்டுபிடிப்பார், கடைசியில் இரண்டு நாள் லீவு தராத உன் கம்பெனிக்காரனைத் திட்டிவிட்டு, தப்பைத் தன்னிடமே வைத்துக்கொள்வார். மாட்டியவன் வாயால் வந்தால்தான் அவர் கண் அவருக்குத் திரும்பிக் கிடைக்கும். வண்டி இந்த மாதக் கடைசியில் வந்துவிடும், சென்சாருக்கு இந்தத் தரம் முன்னால் முறையாகத் துளை போட்டாகிவிட்டது, நீ ஏற்றியதையும் பாதியாகக் குறைத்துவிட்டார்கள், இனி இரண்டாவது கியரில்தான் ஏறுமாம், ஏறட்டும். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு எடுக்கிறேன். பக்கத்து சீட்டில் வேறு ஆளைப் போட்டுக்கொள் என்கிறார் அப்பா. நான் போட்டுக்கொள்ளப் போவதில்லை.

இதோ, இவ்வளவு எழுதும்போதே படி ஏறி வந்துவிட்டார், ஒவ்வொரு படியாகக் காலால் தேடிக்கொண்டு. சின்னவனுக்கா எழுதுகிறாய் என்று கேட்டார், ஆமாம் என்றேன். நான் சொல்வதையும் ஒரு வரி எழுது என்றார். 'மீட்டர் நல்ல மீட்டர்தான், அவன் நல்லாத்தான் மாட்டிக் கொடுத்தான், பார்த்தவன் கண்ணுதான் சரியில்லைன்னு எழுது. பாவம், தான் மாட்டினதுல ஏதோ கோளாறுன்னு நினைச்சு மனசு கஷ்டப்படப் போறான்' என்றார். அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன். எழுதினதைப் படித்துக் காட்டச் சொன்னார், அந்த வரியை மட்டும் படித்துக் காட்டினேன்.

கோபம் எவ்வளவு இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு, நாலு பேருக்கு நல்லவனாக, எங்களுக்கும் அப்புறம் ரொம்ப காலம் இருக்க வேண்டும். திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. நான் எடுத்தால் எப்படி இருக்கிறீர்கள் என்று என்னிடம் பேச்சை வளர்க்காதே, அப்பாவிடம் கொடுங்கள் என்று சொல். நான் மாடிக்கு வந்துவிடுகிறேன்.

வண்டியோட்டுகிற உன்
அம்மா